பாலத்தைப் படம் பிடியுங்கள், கதையையும் எழுதி வையுங்கள்

(தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கான ஒருநாள் புகைப்படப் பயிற்சியின்போது ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



படம் பிடிக்கப் பழகுகிற பிள்ளைகளுக்குப் பூவையும் நீர்வீழ்ச்சியையும் காட்டுவதுதான் வழக்கம். நான் இன்றைக்குப் பழைய பாலங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பாலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலம் நம்ம காலுக்குக் கீழே கிடக்கிற பொருள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் கொழுந்து மூட்டையோடு வரும்போதும் அதைக் கடந்து போகிறோமே தவிர, நின்று பார்ப்பதில்லை. ஆனால், ஒரு பாலத்தைக் கட்டியவர்கள் யார், அது வருவதற்கு முன்னால் ஆற்றை எப்படிக் கடந்தார்கள், அங்கே யாருக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கினால், அந்தப் பாலம் ஒரு பெரிய புத்தகம் மாதிரி விரியும். அந்தப் புத்தகத்திலே நம்ம ஆட்களின் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். எல்ல ஸ்டேஷனுக்கும் தெமோதரை ஸ்டேஷனுக்கும் நடுவே இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம். ஒன்பது கண் பாலம் என்றும் சொல்லலாம். நீளம் சுமார் 300 அடி, உயரம் சுமார் 80 அடி, அகலம் 25 அடி. 1921-ஆம் ஆண்டு கட்டி முடிந்தது. இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து படம் பிடிக்கிறார்கள். போஸ்ட் கார்ட்டிலும் கலண்டரிலும் அதுதான்.

இந்தப் பாலத்துக்கு ஒரு கதை உண்டு. கட்ட ஆரம்பித்த காலத்தில் முதலாம் உலக யுத்தம். பாலத்துக்கு வரவேண்டிய இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரத் துரை தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். அப்போது அந்தப் பக்கத்து மேளகாரர் ஒருவர், அப்புஹாமி என்று பெயர் சொல்லுவார்கள், துரையிடம் போய், "இரும்பு இல்லாமலே நான் கட்டித் தருகிறேன்" என்றாராம். துரை நம்பவில்லை. "முதல் கோச்சி போகும்போது பாலத்துக்கு அடியிலே நானே படுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கட்டினாராம். கேட்க நல்ல கதை. நம்ம நாட்டுக்காரனின் கெட்டித்தனத்தைச் சொல்லுகிற கதை.

இன்னொரு பக்கத்தில் கடதாசி இருக்கிறது. 1923-இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கம் ஒரு கட்டுரையை வெளியிட்டது. இலங்கையில் ஒரு கொங்கிரீட் ரயில் பாலத்தைக் கட்டியதைப் பற்றியது. வரைபடங்களோடு வந்தது. எழுதியவர் ரயில்வே கட்டுமானப் பகுதியைச் சேர்ந்த மார்வூட் என்ற இஞ்சினியர். கல் பாலம் என்று நாம் சொல்லுகிறோம். கட்டியவர்களின் எழுத்தில் அது கொங்கிரீட் பாலம். ஆகவே மேளகாரர் கதையை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரும்பு இல்லாமல் நிற்பதும் மந்திரம் இல்லை. வளைவு என்பதன் குணமே அது. வளைவிலே ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அழுத்துகிறது. மேலே கோச்சி ஏறினால் அந்த அழுத்தம் இன்னும் இறுகும். பாரம் வளைவின் வழியாக இறங்கிக் கால்களுக்குப் போய், அங்கிருந்து நிலத்துக்குப் போய்விடும். கல்லும் கொங்கிரீட்டும் இழுத்தால் உடையும், அழுத்தினால் தாங்கும். அதனால்தான் வளைவுக்கு இரும்பு கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்று. வளைவு முழுமையாகிச் சேரும்வரைக்கும் அது தானாக நிற்காது. கீழே இருந்து மரச்சாரம் கட்டி, அந்தச் சாரத்தின் மேலேதான் வளைவை வைக்கவேண்டும். எண்பது அடி உயரத்துக்கு, மழையிலும் பனியிலும், மரத்தைத் தூக்கிச் சாரம் கட்டவேண்டும்.

இப்போது நீங்களே யோசியுங்கள். கதையிலே மேளகாரர் இருக்கிறார். கடதாசியிலே இஞ்சினியர் இருக்கிறார். சாரத்தில் ஏறியவர் எங்கே? மண் சுமந்தவர், கல் உடைத்தவர், சீமெந்து குழைத்தவர் எங்கே? கதையிலும் அவர்களுக்குப் பெயர் இல்லை. படத்திலும் முகம் இல்லை.

பக்கத்திலேயே இன்னொரு அதிசயம் இருக்கிறது. தெமோதரை வளையம். மலைநாட்டுப் பாதையிலே கோச்சி 44 அடி ஓடினால் ஒரு அடிதான் ஏறலாம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் இஞ்சின் இழுக்காது. தெமோதரையில் மலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் பாதை ஒரு பெரிய வட்டம் அடித்து இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தின் வழியாகப் போகிறது. மேலே ஸ்டேஷன், கீழே சுரங்கம்.

இதற்கும் ஒரு கதை. இஞ்சினியர் விமலசுரேந்திர வழி தெரியாமல் யோசித்துக்கொண்டு இருந்தாராம். அப்போது ஒரு தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். துணி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி வருவதைப் பார்த்ததும் இஞ்சினியருக்கு வழி பிறந்ததாம். நம்ம கங்காணியின் தலைப்பாகை ரயில் பாதைக்கு யோசனை கொடுத்தது என்றால் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாதையை வட்டமாகச் சுற்றி மலையேற்றுகிற முறை அதற்கு முன்பே உலகத்தில் இருந்தது. இந்தியாவின் டார்ஜிலிங் பாதையில் 1880-களிலேயே இப்படிச் சுற்றுகள் இருந்தன. படித்த இஞ்சினியருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அப்படியென்றால் தலைப்பாகைக் கதையைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். எழுதி வையுங்கள். கதை என்று சொல்லி எழுதி வையுங்கள். அந்தப் பாதை போடப்பட்ட இடத்தில் தோட்டமும் கங்காணியும் நம்ம சனமும் இருந்தார்கள் என்பதை ஊர் மறக்கவில்லை என்று அந்தக் கதை சொல்லுகிறது. ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. வேலை செய்த ஆயிரம் பேருக்குப் பதிலாக ஒரு தலைப்பாகை மட்டும் கதையில் வந்தால் அது போதுமா?

நம்ம ஆட்கள் பாதை வேலைக்குப் போனது நேற்று முந்தாநாள் இல்லை. 1833-இல் ராஜகாரிய முறை ஒழிக்கப்பட்ட பிறகு, அரசாங்கம் கூலி கொடுத்து ஆட்களை வைத்துத் தெருவும் பாலமும் போடவேண்டி வந்தது. அதற்குப் பயனியர் படை என்று ஒன்று இருந்தது. தாமஸ் ஸ்கின்னர் என்ற அதிகாரியின் பெயர் புத்தகங்களில் வரும். அந்தப் படையில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். பிறகு 1860-களில் கண்டிக்கு ரயில் பாதை போட்டபோதும், கடுகண்ணாவை மலையில் பாறையை உடைத்தவர்களில் கடல் கடந்து வந்தவர்கள் ஏராளம். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர்கள் ஏராளம். கண்டிக்கு 1867-இல் கோச்சி வந்தது. நானுஓயாவுக்கு 1885-இல், பண்டாரவளைக்கு 1894-இல், பதுளைக்கு 1924-இல். இந்த வருஷங்களெல்லாம் எழுதி இருக்கிறது. ஆட்களின் பெயர்தான் எழுதி இல்லை.

ஒரு படம் ஆட்களை எப்படி மறைத்துவிடும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கினிகத்தேனையிலிருந்து இறங்கினால் வருகிற கித்துல்கலையிலே, களனி கங்கைக்கு மேலே மரத்தால் ஒரு பெரிய பாலம் கட்டினார்கள். போவதற்கு வருவதற்கு இல்லை, சினிமாவுக்கு. 'குவாய் நதிப் பாலம்' என்று தமிழில் சொல்லலாம். டேவிட் லீன் எடுத்த படம், 1957-இல் வெளிவந்தது. கடைசிக் காட்சிக்காகப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருது கிடைத்தது. இன்றும் கித்துல்கலையில் அந்த இடத்தைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள்.

அந்தப் படத்தின் பின்னாலே உள்ள உண்மைக் கதை எது? இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். 415 கிலோமீட்டர், காடும் மலையும். யுத்தக் கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதிலே 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். சினிமா அவர்களைப் பற்றியதுதான். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் இருந்தார்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம். நம்மைப் போலவே கங்காணியோடு கப்பல் ஏறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். சிப்பாய்களுக்குக் கல்லறை உண்டு, கல்லிலே பெயர் உண்டு. அந்தத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை. உலகமே பார்த்த படத்திலும் அவர்களின் கதை இல்லை.

தம்பி தங்கைமாரே, கமராவைத் தூக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். எதைச் சட்டத்துக்குள்ளே வைக்கிறோமோ அது நாளைக்கு இருக்கும். எதை வெளியே விடுகிறோமோ அது இல்லாமலே போய்விடும்.

படம் மறைக்கவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும். பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலே 1833-இல் ஒரு பாலம் கட்டினார்கள். முழுக்க முதிரை மரம். 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டியது. ஆணி கிடையாது, போல்ட் கிடையாது, மரத்துக்கு மரம் கொக்கி போட்டுச் சேர்த்தார்கள். ஜோன் ஃபிரேசர் என்ற அதிகாரி வரைந்தது. 1905-இல் அதை இடித்து இரும்புப் பாலம் போட்டார்கள். இன்றைக்கு அந்த முதிரைப் பாலத்தைக் கண்ணால் கண்டவர் யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் அது எப்படி வளைந்து நின்றது என்று நமக்குத் தெரியும். காரணம், அந்தக் காலத்துப் படக்காரர்கள் அதைப் படம் பிடித்து வைத்தார்கள். பாலம் போய்விட்டது, படம் நிற்கிறது.

பழைய பாலம் எப்போதும் நிற்கும் என்று நினைக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது நாம் பார்த்தோம். மலை சரிந்தது, உயிர்கள் போயின, பாதைகளும் பாலங்களும் ஒரே இரவில் அடித்துக்கொண்டு போயின, மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. உயிருக்கு முன்னால் பாலம் பெரிதில்லை. ஆனால் பாலத்தோடு அதன் கதையும் போய்விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். உங்களுக்கு ஒன்பது கண் பாலம் வேண்டாம். அதைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் டிவிசனில் உள்ள தொங்கு பாலம், ஸ்டோருக்குப் போகிற வழியில் உள்ள கல் மதகு, லயத்துக்குக் கீழே ஆற்றின்மேல் கிடக்கிற பழைய இரும்புப் பாலம், இவைகளைப் பிடியுங்கள். அவற்றைப் படம் பிடிக்க உங்களைத் தவிர வேறு ஆள் வரமாட்டார்கள்.

போனில் உள்ள கமராவே போதும். மூன்று விதமாக எடுங்கள். முதலாவது, தூரத்திலிருந்து, இரண்டு கரையும் தெரிகிற மாதிரி முழுப் பாலம். இரண்டாவது, கீழிருந்து, கால்களும் வளைவும் தெரிகிற மாதிரி. பாலம் எப்படி நிற்கிறது என்பது கீழே இருந்துதான் தெரியும். மூன்றாவது, கிட்டத்திலிருந்து, கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள பொருத்து, வெட்டிய வருஷம், ஏதாவது எழுத்து. பழைய இரும்பு வளைகளில் செய்த கம்பனியின் பெயர் புடைத்து நிற்பது உண்டு. பாசியை விலக்கிப் பாருங்கள். ஆனால் சுரண்டாதீர்கள், சுண்ணாம்புக்கட்டி பூசாதீர்கள். தேய்ந்த எழுத்தை வாசிக்க ஒரு வழி இருக்கிறது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். இல்லாவிட்டால் இருட்டுகிற நேரத்தில் டோர்ச்சைப் பக்கத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

பாலத்தில் ஓர் ஆளை நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். அப்போதுதான் அளவு தெரியும். கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மா கடந்து போனால் இன்னும் நல்லது. ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பத்திரம் முக்கியம். ரயில் பாலத்தில் தண்டவாளத்தின் மேலே நின்று படம் எடுக்காதீர்கள். வளைவான பாதையில் கோச்சி கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். மழை நாளில் பாசிக் கல்லில் இறங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

படம் எடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி, பெரியவர்களிடம் கேட்பது. "பாலத்தின் வரலாறு சொல்லுங்கள் தாத்தா" என்று கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும்" என்றுதான் சொல்லுவார். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பாலம் வருமுன் ஆற்றை எப்படிக் கடந்தீர்கள்? ஆறு பெருகினால் பெரட்டுக்கு எப்படிப் போனீர்கள்? பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போனீர்கள்? கல் எந்த மலையிலிருந்து வந்தது? யார் சுமந்தார்கள்? பேர் போட்டார்களா, சம்பளம் எவ்வளவு? வேலையில் யாருக்காவது அடிபட்டதா? பாலத்தடியில் முனி சாமிக்குக் கல் நட்டு வைத்திருக்கிறார்களே, அது ஏன்? இப்படிக் கேட்டால் அம்மாயிக்கும் அப்பாயிக்கும் ஞாபகம் தானாக வரும். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆற்றங்கரைக் கதை ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

சீக்கிரமாகவும் கேளுங்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. கடதாசி இல்லை என்று நம்ம சனத்தை நாடற்றவர் ஆக்கினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கதை தெரிந்த எத்தனையோ குடும்பங்கள் அதோடு போய்விட்டன. மிச்சம் இருப்பவர்களுக்கும் வயதாகிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் குடியுரிமைப் பிரச்சினை தீர்வுக்கு வந்தது. ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? 2023-இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்த 200 வருஷத்துக்கும் சாட்சி நம்ம கையில் எவ்வளவு இருக்கிறது?

கேட்டதை எப்படி எழுதுவது? ஒரு கொப்பியில் ஒரு பாலத்துக்கு ஒரு பக்கம். பாலத்துக்கு ஊரில் சொல்லுகிற பெயர், தோட்டம், டிவிசன், எந்த ஆறு அல்லது ஓடை, எதனால் கட்டியது, கல்லில் வருஷம் இருந்தால் அது, படம் எடுத்த தேதி, எடுத்தவர் பெயர். கீழே கதை. சொன்னவர் யார், வயது என்ன, அவர் கண்ணால் கண்டதா, அப்பா சொல்லக் கேட்டதா என்று கட்டாயம் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு மாதிரிச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக நீங்களாக ஒரு வரி சேர்க்கவும் வேண்டாம். தலைப்பாகைக் கதையும் மேளகாரர் கதையும் யாருடைய வாயில் எப்போது முளைத்தன என்று இன்றைக்குப் பிரித்தெடுப்பது கஷ்டம். உங்கள் கதைக்கு அந்தக் கஷ்டம் வரக்கூடாது.

படம் போனில் மட்டும் இருந்தால் போன் உடைந்த அன்றைக்குப் படமும் போய்விடும். நல்ல படம் ஒன்றையாவது கடதாசியில் அடித்து எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனையால் அழுத்தினால் முன்பக்கத்தில் தழும்பு விழும். ஒரு பிரதி வீட்டிலே, ஒன்று வாசிகசாலையிலே, ஒன்று பள்ளிக்கூடத்திலே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தரம் அதே இடத்தில் நின்று அதே பாலத்தை மறுபடி எடுங்கள். எங்கே வெடித்திருக்கிறது, எந்தக் காலை ஆறு அரித்திருக்கிறது என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். திருத்தித் தரச்சொல்லித் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கேட்கப் போகும்போது, வாயால் சொல்லுவதைவிட அந்த இரண்டு படம் பலமாகப் பேசும்.

இங்கே வந்திருக்கிற ஒவ்வொருவரும் அடுத்த மாதத்துக்குள் ஒரு பாலத்தைத் தெரிந்தெடுங்கள். ஒன்றே ஒன்று போதும். மூன்று படம், ஒரு பக்கம் எழுத்து, இரண்டு பெரியவர்களின் பேச்சு. பெரியவர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் "போ போ, வேலை இருக்கு" என்று விரட்டாதீர்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் உட்கார்ந்து சொல்லுங்கள். உங்கள் அப்பனும் ஆத்தாளும் சுமந்த கல்லுக்கு அவர்களின் பெயரை எழுதப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.